'கேரி': குப்பைத் தொட்டிக்குப் போன 3 பக்கங்கள்... 50 ஆண்டுகளாக உலகை மிரட்டும் பள்ளி மாணவியின் கதை

வகுப்பில் எல்லோரும் கேலி செய்து ஒதுக்கி வைக்கும் ஒரு பெண். கை படாமலேயே பொருட்களை நகர்த்தும் சக்தி அவளிடம் இருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. ஒருநாள் கேலி எல்லை மீறுகிறது. ஊரே பற்றி எரிகிறது.

எங்கேயோ பார்த்த கதை மாதிரி இருக்கிறதா? 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் லெவன் முதல் இன்று ஓடிடி-யில் வரும் பல அமானுஷ்யப் படங்களின் நாயகிகள் வரை, எல்லோருக்கும் முன்னோடி ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் கேரி ஒயிட்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் முதல் நாவலான 'கேரி' 1974 ஏப்ரல் 5-ம் தேதி வெளியானது. 50 ஆண்டுகளைக் கடந்தும் அது படமாக, தொடராக, மேடை நாடகமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

(கவனிக்க: கதையின் முடிவு இந்தக் கட்டுரையில் சொல்லப்பட்டுள்ளது.)

யார் இந்த கேரி?

கேரியட்டா ஒயிட், வயது 16. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாகாணத்தில், சேம்பர்லெயின் என்ற கற்பனை ஊரில் வசிக்கிறாள். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா மார்கரெட் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறார்.

மார்கரெட்டின் மதப்பற்று வெறியின் எல்லையைத் தொட்டது. பெண் உடலே பாவம் என்று நம்புகிறவர். மகள் தப்பு செய்ததாக நினைத்தால் ஒரு சிறிய இருட்டறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார். 'ஜெபம் பண்ணு' என்று மணிக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடுவார்.

வீட்டில் இப்படி என்றால், பள்ளியில் வேறு விதமான நரகம். உடை, நடை, பேச்சு என்று எதை எடுத்தாலும் கேலி. முதல் வகுப்பில் தொடங்கிய கேலி 16 வயது வரை நிற்கவே இல்லை. கேரிக்கு ஒரு தோழிகூட கிடையாது.

கதை என்ன?

பி.டி. பீரியட் முடிந்து மாணவிகள் குளித்துக்கொண்டிருக்கும்போது கேரிக்கு முதல் முறையாக மாதவிடாய் வருகிறது. அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அம்மா சொல்லித் தரவில்லை. ரத்தம் வழிந்து செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்து அலறுகிறாள்.

உதவி கேட்டு நிற்கும் அவளைச் சுற்றி நின்று மாணவிகள் சிரிக்கிறார்கள். கோஷம் போட்டபடி நாப்கின்களை அவள் மேல் வீசுகிறார்கள். நாவல் இங்குதான் தொடங்குகிறது.

அந்த அதிர்ச்சியில், சின்ன வயதில் எட்டிப்பார்த்து அடங்கிப்போன சக்தி கேரியிடம் மீண்டும் விழிக்கிறது. விளக்கு வெடிக்கிறது. துணை பிரின்சிபல் மேசையில் இருக்கும் ஆஷ்ட்ரே கவிழ்கிறது. தன்னிடம் என்னவோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் பழகத் தொடங்குகிறாள்.

நாப்கின் வீசிய மாணவிகளுக்குப் பள்ளி தண்டனை தருகிறது. கிரிஸ் ஹார்கென்சன் என்ற மாணவி அதை ஏற்க மறுக்கிறாள். அவள் 'ப்ராம்' விழாவுக்கு வரத் தடை விதிக்கப்படுகிறது. பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் மாணவர்கள் ஜோடி ஜோடியாகப் போகும் நடன விருந்துதான் ப்ராம். அமெரிக்க டீன் ஏஜ் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

அதே கும்பலில் இருந்த இன்னொரு மாணவி சூ ஸ்னெல். அவளுக்குக் குற்ற உணர்ச்சி. பரிகாரமாக, தன் காதலன் டாமியிடம் 'நீ கேரியை ப்ராமுக்கு அழைத்துப் போ' என்கிறாள். கேரி முதலில் நம்பவில்லை. பிறகு சம்மதிக்கிறாள். தன் உடையைத் தானே தைக்கிறாள்.

அந்த இரவு சில மணி நேரம் கேரி சந்தோஷமாக இருக்கிறாள். ப்ராமின் ராஜா-ராணியாக டாமியும் கேரியும் அறிவிக்கப்படுகிறார்கள். மேடையேறி நிற்கிறார்கள். மேலே உத்தரத்தில் பன்றி ரத்தம் நிரம்பிய வாளிகளைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள் கிரிஸும் அவள் காதலன் பில்லியும். கயிறு இழுக்கப்படுகிறது.

அதன் பிறகு நடப்பது சினிமா வரலாறு. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. தீ பரவுகிறது. நாவலில் அழிவு பள்ளியோடு நிற்பதில்லை. ஊரின் பாதி எரிகிறது, நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள். வீடு திரும்பும் கேரியைப் பெற்ற தாயே கத்தியால் குத்துகிறார். அம்மாவின் இதயத் துடிப்பைத் தன் சக்தியால் நிறுத்தும் கேரி, கடைசியில் சூவின் கண்முன்னே உயிரை விடுகிறாள்.

குப்பைத் தொட்டியில் இருந்து காப்பாற்றியது யார்?

'கேரி' எழுதப்பட்ட கதையும் கிட்டத்தட்ட ஒரு சினிமா மாதிரிதான்.

1970-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் கிங் மெய்ன் மாகாணத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஆண்டுச் சம்பளம் 6,400 டாலர். அதற்கு முன் சலவை ஆலையில் வேலை பார்த்தவர். மனைவி டபிதா டோனட் கடையில் வேலை செய்தார். இரண்டு குழந்தைகளோடு ஒரு டிரெய்லர் வீட்டில் குடியிருந்தார்கள். காசு மிச்சம் பிடிக்க வீட்டு டெலிபோன் இணைப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று ஒரு சிறுகதையைத் தொடங்கினார் கிங். மூன்று பக்கம் எழுதியதும் பிடிக்கவில்லை. கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

அதற்கு அவர் பின்னாளில் சொன்ன காரணங்கள் முக்கியமானவை. முழுக்க முழுக்க பெண்களின் உலகத்தில் நடக்கும் கதை. அது தனக்குத் தெரியாத உலகம் என்று நினைத்தார். சிறுகதைக்கு நீளமும் அதிகமாகப் போகும் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேரியை அவருக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் குப்பைத் தொட்டியைக் காலி செய்யப்போன டபிதா அந்தத் தாள்களை எடுத்து, சிகரெட் சாம்பலைத் தட்டிவிட்டு, பிரித்துப் படித்தார். மீதிக் கதை தெரிய வேண்டும் என்றார். பெண்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் தான் உதவுவதாகவும் சொன்னார். கிங் திரும்ப உட்கார்ந்து எழுதினார்.

1973-ல் டபுள்டே பதிப்பகம் நாவலை ஏற்றுக்கொண்டது. போன் இல்லாததால் எடிட்டர் பில் தாம்ப்சன் தந்தி அடித்தார். முன்பணம் 2,500 டாலர்.

பெரிய திருப்பம் அடுத்துதான் வந்தது. அந்த ஆண்டு அன்னையர் தினத்தன்று பில் தாம்ப்சனிடம் இருந்து போன். பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்கு விற்பனை ஆகியிருந்தது! ஒப்பந்தப்படி அதில் பாதி, அதாவது 2 லட்சம் டாலர், கிங்குக்கு. மனைவிக்கு ஏதாவது வாங்கிவர வேண்டும் என்று கடைக்கு ஓடினார். திறந்திருந்த கடையில் அவருக்குக் கிடைத்தது ஒரு ஹேர் டிரையர்.

ஹார்டு கவர் பதிப்பு சுமாராகத்தான் விற்றது. பேப்பர்பேக் வந்த முதல் ஆண்டிலேயே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கிங் ஆசிரியர் வேலையை விட்டார்.

கேரிக்குப் பின்னால் இருந்த இரண்டு நிஜப் பெண்கள்

கேரி முழுக் கற்பனை இல்லை. 2000-ம் ஆண்டு வெளியான 'ஆன் ரைட்டிங்' நூலில் கிங் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளி நாட்களில் தான் பார்த்த இரண்டு பெண்களைச் சேர்த்துத்தான் கேரியை உருவாக்கினார். அவர்களின் உண்மையான பெயர்களை அவர் வெளியிடவில்லை. நூலில் இருப்பவை மாற்றுப் பெயர்கள்.

முதல் பெண், ஒரே உடையைத் தினமும் போட்டு வந்தவர். ஒன்றரை வருடம் அந்த உடை நைந்து நிறம் மங்கிக்கொண்டே வந்தது. கேலியும் கூடிக்கொண்டே போனது.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து அந்தப் பெண் புத்தம்புது உடையில் வந்தார். முடியையும் மாற்றியிருந்தார். முகத்தில் சிரிப்பு. இனியாவது கேலி நிற்கும் என்று நினைத்திருப்பார் இல்லையா? நிற்கவில்லை. முன்பைவிட மோசமானது. 'உனக்கு இதெல்லாம் தேவையா' என்கிற மாதிரி நடத்தினார்கள். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைவதை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாக கிங் சொல்கிறார்.

இரண்டாவது பெண்ணின் வீடு ஊருக்கு வெளியே. அந்தப் பெண்ணின் அம்மா, வீட்டில் சாமான்களை நகர்த்தித் தர கிங்கைக் கூலிக்கு அழைத்திருந்தார். உள்ளே போனவர் கண்ட காட்சி, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு ஒரு சிலுவைச் சிற்பம். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. பள்ளியில் யாரும் அவரிடம் பேசுவதில்லை.

கிங் நாவலை எழுதத் தொடங்கியபோது இருவருமே உயிரோடு இல்லை. இரண்டாவது பெண், தனியாக வசித்த வீட்டில் வலிப்பு வந்து இறந்தார். முதல் பெண் திருமணமாகி, குழந்தை பிறந்த பின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

(மன உளைச்சல் இருந்தால் பேசுங்கள், உதவி கிடைக்கும். மத்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.)

இந்த இருவரிடமும் எந்த அமானுஷ்ய சக்தியும் இல்லை. அதை மட்டும்தான் கிங் சேர்த்தார். அவர்கள் நினைத்தால் திருப்பி அடிக்க முடியும் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொத்த நாவலும் இந்த ஒரு கேள்விதான்.

டெலிகினெசிஸ் என்றால் என்ன? உண்மையில் சாத்தியமா?

கேரியிடம் இருக்கும் சக்திக்குப் பெயர் டெலிகினெசிஸ். தொடாமல், மனதால் மட்டும் பொருட்களை அசைப்பது. 'தூரம்', 'அசைவு' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களில் இருந்து வந்த பெயர் இது.

அறிவியல் ரீதியாக இதற்கு ஆதாரம் இல்லை. கட்டுப்பாடான சோதனையில் தன் சக்தியை நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ரேண்டியின் அமைப்பு அறிவித்திருந்தது. அந்தச் சவால் 2015-ல் முடிவுக்கு வரும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை.

ஆனால் 1970-களில் இந்தப் பேச்சு மேற்கில் பரபரப்பாக இருந்தது. டிவி-யில் ஸ்பூனை வளைத்துக் காட்டிய யூரி கெல்லர் புகழடைந்த காலம் அது.

வீட்டில் பாத்திரம் பறப்பது, கல் விழுவது போன்ற 'பேய் வேலைகள்' நடக்கும் இடங்களில், பருவ வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்ற பேச்சும் அப்போது உண்டு. இப்படி ஒரு கட்டுரையைப் படித்த ஞாபகம் கிங்குக்கு இருந்தது. ஒரு கோடை விடுமுறையில் பள்ளித் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்தபோது, மாணவிகளின் குளியலறையைச் சுத்தம் செய்த அனுபவமும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததில்தான் நாவலின் முதல் காட்சி பிறந்தது.

சின்ன வயது கேரியின் வீட்டு மேல் கல் மழை பெய்வதாக நாவலில் ஒரு காட்சி வரும். ஷெர்லி ஜாக்சன் 1959-ல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலின் நாயகிக்கும் சிறுவயதில் இதேபோல் வீட்டின் மேல் கல் மழை பெய்திருக்கும். தனித்து விடப்பட்ட பெண்ணின் அடக்கிவைத்த மனம், கல்லாக வந்து விழும் மரபு கேரிக்கு முன்பே உண்டு.

ரத்தத்தில் தொடங்கி ரத்தத்தில் முடிவது ஏன்?

கதையின் தொடக்கத்தில் மாதவிடாய் ரத்தம். உச்சத்தில் பன்றி ரத்தம். இரண்டு இடத்திலும் கேரி நடுவில் நிற்கிறாள், சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

மற்ற மாணவிகளுக்கும் மாதவிடாய் வரும். அது சாதாரண விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும். கேரிக்கு அது தெரியவில்லை என்பதைத்தான் அவர்கள் ஆயுதமாக எடுக்கிறார்கள். வீட்டில் அம்மா அதே ரத்தத்தைப் பாவத்தின் அடையாளம் என்கிறார். பள்ளிக்கு அது கேலிப்பொருள். 'இது இயற்கை, பயப்படாதே' என்று முன்கூட்டியே சொல்ல ஒரு ஆள்கூட இல்லை.

பெண்கள் தங்கள் சக்தியைக் கண்டுகொள்வதையும், அதைப் பார்த்து ஆண்களுக்கு வரும் பயத்தையும் பற்றியதுதான் 'கேரி' என்று 1981-ல் வெளியான 'டான்ஸ் மக்காப்ர்' நூலில் கிங்கே எழுதினார். பெண் உடலைப் பற்றிய சமூகத்தின் அருவருப்பே இங்கு அசுரத்தனமாகக் காட்டப்படுகிறது என்று பார்பரா கிரீட் போன்ற திரைப்பட ஆய்வாளர்கள் விவாதித்துள்ளனர். பெண்ணின் பருவ வயதை ஆபத்தாகக் காட்டுவதாகப் படத்தின் மீது விமர்சனமும் உண்டு.

பேய் இல்லாத பேய்க்கதை... அப்போ வில்லன் யார்?

'கேரி'க்கு முந்தைய ஆண்டு வந்து உலகத்தை உலுக்கிய படம் 'தி எக்ஸார்சிஸ்ட்'. அதிலும் ஒரு சிறுமிதான். ஆனால் அங்கே தீமை வெளியில் இருந்து வருகிறது. சாத்தான் புகுந்துகொள்கிறது, பாதிரியார் ஓட்டுகிறார்.

கேரிக்குள் எந்தப் பேயும் புகவில்லை. ஓட்டுவதற்கு யாரும் இல்லை. கயிறு இழுக்கப்படும் நொடி வரை நடப்பவை எல்லாம் சாதாரண மனிதர்கள் செய்தவை. ஒவ்வொருவராகப் பார்க்கலாம்.

• அம்மா: மகளைப் பாதுகாப்பதாக நினைத்து, உலகத்தைச் சமாளிக்கத் தேவையான எதையும் கற்றுத் தரவில்லை.

• அக்கம்பக்கத்தினர்: அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும். அது அவங்க வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டார்கள்.

• பி.டி. டீச்சர்: நல்லவர்தான். ஆனால் குளியலறையில் கேரி அலறும்போது முதலில் அவர் செய்தது, கன்னத்தில் அறைந்தது. அந்த நொடியில் அவருக்கும் அவள் மீது அருவருப்பு.

• பிரின்சிபல்: படத்தில் இவர் கேரியின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. அவள் திருத்தியும் திரும்பத் திரும்ப 'கேஸி' என்கிறார்.

• சூ: கும்பலோடு சேர்ந்து வீசியவள். வருந்தினாள். ஆனால் நேரில் போய் மன்னிப்பு கேட்கவில்லை. காதலனை அனுப்பினாள்.

• கிரிஸ்: தண்டனையை அவமானமாக எடுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா வக்கீல். மகளைக் கண்டிப்பதற்குப் பதிலாகப் பள்ளியை மிரட்ட வந்தார்.

• மண்டபத்தில் இருந்தவர்கள்: அவர்கள் வாளியைக் கட்டவில்லை, கயிற்றை இழுக்கவில்லை. சிரித்தார்கள்.

இதில் கிரிஸ், பில்லி, மார்கரெட் தவிர மற்ற யாரையும் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. நாவலின் உண்மையான பயமே இதுதான். படிப்பவர் தன் பள்ளி நாட்களை நினைத்துப் பார்த்தால், இந்தப் பட்டியலில் எங்காவது ஒரு இடத்தில் தானும் இருப்பார்.

அதற்காக கேரி செய்ததை நாவல் நியாயப்படுத்தவும் இல்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். டாமியும் சாகிறான், வாளி தலையில் விழுந்து, முதல் ஆளாக.

ஒடுக்கப்பட்டவரின் ஆத்திரம் எங்கே போய் முடியும் என்ற கேள்வி கிங்கை நிஜ வாழ்க்கையிலும் துரத்தியது. ரிச்சர்ட் பேக்மேன் என்ற புனைபெயரில் 1977-ல் அவர் வெளியிட்ட 'ரேஜ்' நாவல், வகுப்பறைக்குத் துப்பாக்கியோடு வரும் மாணவனைப் பற்றியது. அமெரிக்கப் பள்ளிகளில் நிஜமாகவே துப்பாக்கிச் சூடுகள் நடந்து, அதில் ஈடுபட்ட சில மாணவர்கள் அந்த நாவலைப் படித்திருந்தது தெரியவந்ததும், இனி அச்சிட வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார்.

நாவலுக்கும் 1976 படத்துக்கும் என்ன வித்தியாசம்?

பிரையன் டி பால்மா இயக்கிய படம் 1976 நவம்பரில் வெளியானது. சுமார் 18 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக், அம்மாவாக நடித்த பைப்பர் லாரி இருவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். ஹாரர் படங்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கும் கௌரவம் அது. பில்லியாக வந்த இளைஞர், பின்னாளில் பெரிய ஸ்டாரான ஜான் டிரவோல்டா.

முக்கிய வித்தியாசங்கள்:

• சொல்லும் முறை: நாவல் நேர்கோட்டில் போகாது. செய்தித்தாள் துணுக்குகள், விசாரணை ஆணைய அறிக்கை, சூ எழுதும் சுயசரிதை என்று துண்டு துண்டாக வரும். பேரழிவு நடக்கப்போவது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். படம் நேராகக் கதை சொல்லும்.

• கேரியின் தோற்றம்: நாவலில் பருமனான, முகப்பரு உள்ள பெண். படத்தில் ஒல்லியான ஸ்பேசெக்.

• ராணி தேர்வு: படத்தில் கிரிஸின் ஆட்கள் ஓட்டுச் சீட்டுகளை மாற்றுகிறார்கள். நாவலில் முதலில் சமநிலை, மறுவாக்கெடுப்பில் கேரி-டாமி ஜோடி உண்மையாகவே ஜெயிக்கிறது. அதாவது, அந்த மண்டபத்தில் பலர் அவளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால்... என்ற ஏக்கம் நாவலில்தான் அதிகம்.

• டீச்சர்: படத்தில் சாகிறார். நாவலில் உயிர் பிழைத்து, குற்ற உணர்ச்சியில் ஆசிரியர் வேலையை விடுகிறார்.

• முடிவு: கல்லறை மண்ணுக்குள் இருந்து சட்டென்று கை வெளியே வரும் காட்சி நாவலில் கிடையாது. தியேட்டரில் ரசிகர்களைத் துள்ள வைத்த அந்தக் காட்சிக்காக ஸ்பேசெக் தானே குழிக்குள் படுத்துக் கை நீட்டினார்.

இந்த வேடத்துக்கான தேர்வுக்கு ஸ்பேசெக் எப்படிப் போனார் தெரியுமா? தலையில் வாசலின் தடவிக்கொண்டு, முகம் கழுவாமல், ஏழாம் வகுப்பில் படித்தபோது அம்மா தைத்துக் கொடுத்த பழைய உடையைப் போட்டுக்கொண்டு. அப்போது அவருக்கு வயது 20-களின் நடுப்பகுதி.

கேரி: 1974 முதல் இன்று வரை

1974: நாவல் வெளியீடு.

1976: டி பால்மாவின் படம்.

1988: பாடல்களோடு கூடிய மேடை நாடகமாக நியூயார்க்கின் பிராட்வே வந்தது. தொடக்க இரவில் இருந்து 5 காட்சிகளிலேயே நிறுத்தப்பட்டது. 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். மேடை உலகின் மிகப் பெரிய தோல்விகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

1999: 'தி ரேஜ்: கேரி 2' என்ற தொடர்ச்சிப் படம்.

2002: டிவி படம். இதில் கேரி சாகாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள்.

2012: தோல்வியடைந்த அதே மேடை நாடகம் திருத்தப்பட்டு நியூயார்க்கில் மீண்டும் மேடையேறியது.

2013: கிம்பர்லி பியர்ஸ் இயக்கத்தில் புதிய படம். க்ளோயி கிரேஸ் மோரெட்ஸ் கேரியாகவும், ஜூலியான் மூர் அம்மாவாகவும் நடித்தனர். குளியலறைச் சம்பவத்தை மாணவிகள் செல்போனில் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவதாக மாற்றியிருந்தார்கள்.

2024: நாவலின் 50-வது ஆண்டுப் பதிப்புக்கு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் முன்னுரை எழுதினார்.

ஹாரர் இயக்குநர் மைக் ஃபிளானகன், அமேசான் பிரைம் வீடியோவுக்காக 'கேரி'யைத் தொடராக எடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

கேரியின் 'தங்கைகள்'

கேரிக்குப் பிறகு இந்தப் பாத்திரம் ஒரு தனி வகையாகவே மாறிவிட்டது. கிங்கே 1980-ல் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' நாவலில், மனதால் தீ மூட்டும் சிறுமியைப் படைத்தார். 1996-ல் வந்த 'தி கிராஃப்ட்' படத்தில், பள்ளியில் ஒதுக்கப்பட்ட நான்கு மாணவிகள் மாந்திரீகம் பழகினார்கள்.

2017-ல் வெளியான நார்வே நாட்டுப் படமான 'தெல்மா'வில், கண்டிப்பான மதப் பின்னணியில் வளர்ந்த கல்லூரி மாணவிக்கு வலிப்பும் அதோடு ஒரு விபரீத சக்தியும் வருகிறது. கேரியின் சாயல் அதில் நன்றாகவே தெரியும்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' லெவனுக்கும் கேரிக்கும் ஒரே சக்திதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காட்டில் தனியாக நின்ற லெவனைச் சில பையன்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் சாப்பாடு கொடுத்தார்கள். நண்பர்கள் கிடைத்ததால் லெவன் ஊரைக் காப்பாற்றுகிறாள். யாருமே கிடைக்காததால் கேரி ஊரை எரிக்கிறாள்.

பள்ளி நூலகங்களில் ஏன் எதிர்ப்பு?

பள்ளி மாணவர்களைப் பற்றிய இந்த நாவலே பல அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. வன்முறை, பாலியல் குறிப்புகள், மதத்தைச் சித்தரித்த விதம் ஆகியவற்றுக்காக நூலை நீக்கச் சொல்லிப் புகார்கள் வந்தன. 1990-களில் அதிகம் எதிர்க்கப்பட்ட 100 நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலிலும் 'கேரி' இடம்பெற்றது.

இன்றும் கேரி பயமுறுத்துவது ஏன்?

ப்ராம், டிரெய்லர் வீடு, தந்தி எல்லாம் அந்தக் கால அமெரிக்கா. ஆனால் ஒரு வகுப்பறையில் யாரோ ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பது எந்த ஊரிலும் நடக்கிறது. அன்று குளியலறைச் சுவருக்குள் முடிந்த கேலி, இன்று வாட்ஸ்அப் குரூப்பில் இரவு முழுக்கத் தொடர்கிறது. 2013 படம் செல்போனைக் கதைக்குள் கொண்டுவந்தபோது வேறு எதையும் பெரிதாக மாற்றத் தேவைப்படவில்லை.

நாவலின் கடைசிப் பக்கம் ஒரு கடிதம். விசாரணை ஆணையம் தன் அறிக்கையை முடித்துவிட்டது. சேம்பர்லெயின் கிட்டத்தட்ட வெறிச்சோடிவிட்டது. அங்கிருந்து வெகு தூரத்தில், டென்னசி மாகாணத்தில் ஒரு தாய் தன் உறவினருக்கு எழுதுகிறார். தன் குட்டிப் பெண் விளையாடும்போது கோலிக்குண்டுகள் தாமாக உருண்டதைப் பார்த்தாராம். அந்த அம்மாவுக்குப் பயம் இல்லை. மகள் பெரிய ஆளாக வருவாள் என்று பெருமைப்படுகிறார்.

அந்தக் குழந்தை இன்னும் சில வருடங்களில் பள்ளிக்குப் போகும்.